யாரும் உட்காராத நாற்காலி

வேலை நேரத்தில் தூங்குகிறவர்கள் உலகத்தில் ஏராளம். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்; எனக்கு அந்தத் தகுதி இல்லை. ஆனால் வேலை நேரத்தில் தூங்கி, அந்தத் தூக்கத்தை நாலா பக்கமும் சுற்றிப் படம் பிடிக்கக் கொடுத்து, கடல் தாண்டி இருக்கிறவர்கள்கூட விரலால் பெரிதாக்கிப் பார்க்கும்படி செய்தவன், எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். பிறந்ததற்கு ஏதோ ஒரு சாதனை செய்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் அருங்காட்சியகத்தில் இருக்கிறேன். யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்வேன். சொல்லிவிட்டு அடுத்த கேள்வி வருவதற்குள் பேச்சை மாற்றுவேன். "மியூசியத்துல என்னவா இருக்கீங்க?" என்று விடாமல் கேட்கிறவர்கள் உண்டு. "காட்சிப்பொருளா இருக்கார்" என்று எனக்கு முன்பே பதில் சொல்லிவிடுவான் என் மைத்துனன். என் வீட்டுக்காரியின் தம்பி. வாயைத் திறந்தால் என் மானம் போகும். உண்மையில் நான் கூடக் காவலன். ஒரு கூடத்துக்குள் நின்றுகொண்டு, வருகிறவர்கள் எதையும் தொடாமல் பார்த்துக்கொள்கிற ஆள்.

என்னுடையது மாடியில் கடைசி அறை, இருக்கைக் கூடம். நாற்காலி, முக்காலி, பெஞ்சு, முடிதிருத்துபவரின் சுழல் நாற்காலி, நீதிபதியின் முதுகு உயர்ந்த நாற்காலி, குழந்தைக்குச் சோறூட்டும் நாற்காலி என்று உட்காரத் தகுந்த எல்லாம் அங்கே இருக்கும். கீழ்த்தளம் முழுக்கச் சுற்றி, படியேறி, கால் ஓய்ந்து, "அப்பாடா" என்று வருகிறவர்களை அறை நிறைய நாற்காலிகளுக்கு நடுவில் நிறுத்தி, "உட்காராதீங்க" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்தப் பாவத்தைச் செய்வதற்கு என்னை நியமித்திருந்தார்கள். நானும் குறை வைக்காமல் செய்தேன். கர்ப்பிணிகளைக்கூட விட்டதில்லை.

எனக்கு மட்டும் மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. அதற்கு விவரம் எழுதிய அட்டை கிடையாது.

கூடத்தின் நடுவில், சிவப்புக் கயிற்றுக்குள், எங்கள் அருங்காட்சியகத்தின் பெருமை நின்றது. கைப்பிடி இரண்டும் சிங்க முகம். உட்காருமிடம் பட்டு. காலை வைத்துக்கொள்ள முன்னால் அதே பட்டில் ஒரு சின்ன முக்காலி. அந்தக் காலத்தில் ஒரு பெரிய வீட்டில், வரப்போகும் முக்கியமான விருந்தாளிக்காகச் செய்யச் சொன்னார்களாம். விருந்தாளி வரவேயில்லை. நாற்காலி அப்படியே இங்கே வந்துவிட்டது. அதன் அட்டையில் கடைசி வரி இது: "இதில் இதுவரை எவரும் அமர்ந்ததில்லை." பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இதை வாய்விட்டுப் படித்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வேன். என்னவோ விருந்தாளியை வரவிடாமல் தடுத்ததே நான்தான் என்பதுபோல.

இனி என் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அழகான விஷயம் இல்லை, ஆனாலும் சொல்ல வேண்டும்.

எனக்குச் சர்க்கரை உண்டு. இடது பாதத்துக்கு அடியில் ஒரு புண் வந்து ஆறாமல் நின்றது. கால் வீங்கிக்கொண்டு வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். "மியூசியத்துல இருக்கேன்" என்றேன். வழக்கம்போல் பேச்சை மாற்றப் பார்த்தேன், அவர் விடவில்லை. "நின்னுக்கிட்டு பாக்கற வேலையா, உட்காந்துக்கிட்டா?" என்றார். "ரெண்டும்தான்" என்றேன். "இனிமே நிக்காதீங்க. இப்படியே நின்னீங்கன்னா விரலை எடுக்க வேண்டி வரும். அதோட நிக்கும்னும் சொல்ல முடியாது" என்றார்.

இது என் வீட்டுக்காரிக்குத் தெரியும், எனக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும். வேறு ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று நாங்கள் இருவரும் முடிவு செய்தோம். காரணம் எங்கள் மகள்.

ஒரே மகள். வெளிநாட்டில் மேல்படிப்பு படிக்கிறாள். முன்பு அவள் அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் என்றபோது, பரீட்சையைப் பாதியில் போட்டுவிட்டு விமானம் ஏறி வந்து நின்றாள். வந்து பார்த்தால் அவள் அம்மா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷப் படிப்பு போச்சு. திரும்பப் போய், முதலிலிருந்து படித்து, இப்போதுதான் கடைசிப் பரீட்சைக்கு வந்திருக்கிறாள். இந்த நேரத்தில் காலைப் பற்றிச் சொன்னால் மறுபடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள். "பரீட்சை முடியற வரைக்கும் மூச்சு விடக்கூடாது" என்று என் வீட்டுக்காரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். லீவு போடலாம் என்றால் மைத்துனனுக்குத் தெரிந்துவிடும். மைத்துனனுக்குத் தெரிந்தால் குடும்ப வாட்ஸப் குழுவுக்குத் தெரிந்த மாதிரி. அதனால் லீவும் போடவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி இருக்கவே இருக்கிறது, அதில் உட்கார்ந்து ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

மகள் வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் என் வீட்டுக்காரி போனைப் பிடிப்பாள். "இன்னும் மேல, இன்னும் மேல" என்று எனக்குச் சைகை காட்டுவாள். மகளுக்கு என் மூக்குக்கு மேலேதான் தெரியும்.

"அப்பா, ஏன் எப்பவும் உங்க நெத்தியையே காட்றீங்க?"

"அறிவு அங்கதானேம்மா இருக்கு" என்பேன்.

"அப்போ காலியிடத்தைக் காட்றீங்க" என்பாள். மாமனைப் பார்த்து வளர்ந்தவள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வலைத்தளம் வந்தது. எங்கள் இயக்குநர் அம்மா, நாங்கள் எல்லோரும் மேடம் என்போம், ஒரு நாள் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். "ஜனங்க இங்க வரலைன்னா நாம அவங்க வீட்டுக்குப் போகணும். போன்லயே எல்லா அறைக்குள்ளயும் நடந்து போகலாம். எந்தப் பொருளைத் தொட்டாலும் அதோட கதை வரும். பெரிசாக்கிப் பார்த்தா மரத்துல பூச்சி அரிச்ச ஓட்டைகூடத் தெரியணும். கேள்வி கேட்டா நாம பதில் சொல்லணும்." இத்தனை வருஷம் தொடாதே தொடாதே என்று கத்திய எனக்கு, ஊரே தொட்டுப் பார்க்கட்டும் என்றது ஜீரணமாகவில்லை. ஆனாலும் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு நல்ல பழக்கம்.

படம் எடுக்கிறவர்கள் வந்தார்கள். முதல் காரியமாக என் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக் கிடங்கில் போட்டார்கள். "ஃபிரேம்ல அசிங்கமா தெரியும்" என்றார்கள். அடுத்து என்னை வெளியே போகச் சொன்னார்கள். அதே காரணமாகத்தான் இருக்கும். மூன்று கால் தாங்கியில் ஒரு கேமராவை மாட்டிவிட்டு அவர்களும் வெளியேறினார்கள். தாழ்வாரத்தில் நெடுநேரம் நின்றேன். கால் தெறித்தது. அவர்கள் பேச்சுச் சத்தம் படியிறங்கிப் போனது. சரி, வேலை முடிந்து சாப்பிடப் போய்விட்டார்கள், கேமராவைப் பிறகு எடுத்துக்கொள்வார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு உள்ளே போனேன். பூச்சி அரித்த ஓட்டை தெரிகிற மாதிரி எடுக்க வேண்டுமானால் அந்தக் கேமரா தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, நிதானமாக எடுக்குமாம். ஆட்கள் வெளியே இருந்துகொண்டு போனிலேயே அதை இயக்குவார்களாம். இதெல்லாம் எனக்கு யார் சொன்னார்கள்?

உட்கார இடம் தேடினேன். என் நாற்காலி இல்லை. முடிதிருத்துபவரின் நாற்காலி சுழலும், பயம். குழந்தை நாற்காலி என்னைத் தாங்காது. கயிற்றைத் தாண்டினேன். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் என்று சொல்லிக்கொண்டேன். எரிச்சல் தாங்காமல் இடது ஷூவைக் கழற்றினேன், சாக்ஸைக் கழற்றிச் சிங்கத்தின் தலையில் போட்டேன், காலைத் தூக்கிச் சின்ன முக்காலி மேல் வைத்தேன். அந்த விருந்தாளி எவ்வளவு பெரிய முட்டாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அத்தனை சுகமான நாற்காலி. அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

வலைத்தளத்தைப் பெரிய மனிதர்களை வைத்துத் திறந்தார்கள். நானும் பின்வரிசையில் நின்று கை தட்டினேன். மறுநாள் மைத்துனன் போன் செய்தான்.

"மாமா, வாழ்த்துக்கள்."

"எதுக்குடா?"

"நான் அப்பவே சொன்னேன்ல, காட்சிப்பொருள்னு. இப்ப அதிகாரபூர்வமாவே ஆக்கிட்டாங்க. குரூப்ல போட்டிருக்கேன், பாருங்க."

பார்த்தேன். என் கூடம், என் ஜன்னல், நடுவில் எவரும் அமர்ந்திராத நாற்காலி, அதில் நான். வாய் திறந்திருந்ததா என்று தெரியவில்லை. படத்தில் யார் முகம் இருந்தாலும் கம்ப்யூட்டர் தானாகவே மங்கலாக்கிவிடுமாம். என் முகத்தை மங்கலாக்கியதோடு விடாமல் இரண்டு சிங்கங்களின் முகத்தையும் மங்கலாக்கியிருந்தது. மற்றபடி தொந்தி தெளிவாக இருந்தது. கால் அதைவிடத் தெளிவாக இருந்தது.

மானம் கப்பலேறியது பற்றி நான் கவலைப்படவில்லை. அது எப்போதோ கரை தாண்டிப் போய்விட்டது. குழுவில் மகளும் இருக்கிறாள். போனில் மூக்குக்கு மேல் மட்டும் காட்டிக் காட்டிக் காப்பாற்றிய ரகசியம், இங்கே முகத்தைத் தவிர மற்றதெல்லாம் தெரிகிற மாதிரி விரிந்து கிடந்தது.

"ஐயோ, அவ பார்த்திருப்பாளா?" என்று என் வீட்டுக்காரி தலையில் கை வைத்தாள். குழுவில் மகள் ஒரு சிரிக்கிற பொம்மையை மட்டும் போட்டிருந்தாள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

"சிரிச்சிருக்கா பாரு. காலைக் கவனிக்கலை" என்றேன்.

"கவனிக்கலைன்னா நல்லதுதான். எப்படியாவது அந்தப் படத்தை எடுக்கச் சொல்லுங்க."

மேடம் அறைக்குப் போனபோது அவருடைய திரையிலும் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வலைத்தளத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண் நகத்தைக் கடித்தபடி நின்றாள்.

"இது யாரு?" என்றார் மேடம்.

"முகம் தெரியலையே மேடம்" என்றேன்.

"முகம் தெரியலை. தொந்தி தெரியுது."

நான் தொந்தியை உள்ளே இழுத்துக்கொண்டேன். அவர் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். "நீ செக் பண்ணலையா?"

"செக் பண்ணினேன் மேடம். பக்கத்துக் கூடத்துல எல்லாம் துணி போட்ட பொம்மைங்க இருக்கே, அந்த மாதிரி இதுவும் பொம்மைன்னு நெனச்சேன். ரொம்ப தத்ரூபமா இருக்கேன்னுகூட நெனச்சேன்."

"படத்தை எடுத்துடலாம் மேடம்" என்று கெஞ்சினேன்.

"எடுத்தா அந்த அறையே வெப்சைட்ல இருக்காது. திரும்ப எடுக்க அவங்க எப்ப வருவாங்களோ." மேடம் பெருமூச்சு விட்டார். "அதைவிடக் கொடுமை என்னன்னா, மொத்த மியூசியத்துலயும் ஜனங்க அதிகமா தொட்டுப் பாக்கறது இவரைத்தான். கேள்வியும் இவரைப் பத்தித்தான் குவியுது. ஒண்ணு பண்ணுங்க. அந்தக் கேள்விக்கெல்லாம் நீங்களே பதில் சொல்லுங்க. இதுதான் உங்களுக்குத் தண்டனை. ஒரே கண்டிஷன். உண்மையைத்தான் எழுதணும். இது மியூசியம். நாம ஒரு தடவை பொய் எழுதினா, அப்புறம் எந்த அட்டையையும் எவனும் நம்ப மாட்டான்." சொல்லிவிட்டு, அந்த நாற்காலியின் அட்டையைத் திருத்தச் சொன்னார். "இதில் ஒருவரைத் தவிர எவரும் அமர்ந்ததில்லை." அச்சடித்து வைத்தும் விட்டார்கள்.

என் பிளாஸ்டிக் நாற்காலி திரும்பி வரவில்லை. வலைத்தளத்தில் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குக் கூடம் அதே மாதிரி இருக்க வேண்டும் என்று உத்தரவு. "அதே மாதிரின்னா நானும் நடுவுல தூங்கணுமே" என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. நின்றேன். நாள் முழுக்க நின்றேன். காலைப் பற்றி மேடத்திடம் சொன்னால் லீவு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார். வீட்டில் உட்கார்ந்தால் மைத்துனன் மோப்பம் பிடித்துவிடுவான். வாயை மூடிக்கொண்டேன்.

மாலையில் கூடத்தைப் பூட்டிவிட்டு, கீழே கம்ப்யூட்டர் அறைக்குப் போய் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்காருவேன். அவள் கேள்வியைப் படிப்பாள், நான் பதில் சொல்வேன், அவள் தட்டுவாள், மேடம் பார்த்துச் சரி என்றதும் வலைத்தளத்தில் வரும். தண்டனைதான், ஆனால் உட்காரக் கிடைத்த தண்டனை.

"அங்கிள், முதல் கேள்வி. 'சிங்கத்தின் தலையில் தொங்கும் சாம்பல் நிறத் துணி எந்தக் காலத்தைச் சேர்ந்தது?'"

"சமீப காலத்தைச் சேர்ந்தது. பருத்தி. ஓரிடத்தில் சேதம் உண்டு."

"'நடுவில் உள்ள உருவம் மரமா, மெழுகா?'"

"இரண்டும் இல்லை. மந்தம்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் கொஞ்சம் தலைக்கேறியது. கேள்வி கேட்கிறவர்கள் தங்களுக்கு ஒரு புனைபெயர் வைத்துக்கொள்ளலாம். 'தூங்குமூஞ்சி ரசிகர் மன்றம்' என்றுகூட ஒருவர் வந்தார். என் பதில்களைப் படிக்கவே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். படித்துவிட்டு, நேரிலும் வந்தார்கள். கூடத்தில் கூட்டம். "அவர் எங்க?" என்று என்னிடமே கேட்பார்கள். "சாப்பிடப் போயிருக்கார்" என்பேன். நின்றுகொண்டிருக்கும் என்னை ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. தூங்கினால்தான் எனக்கு மதிப்பு.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தபோது, 'வாசகி' என்ற பெயரில் ஒரு கேள்வி வந்தது.

"'அவர் ஏன் இடது ஷூவை மட்டும் கழற்றியிருக்கிறார்?'"

எனக்குச் சிரிப்பு நின்றது. சமாளித்துக்கொண்டு சொன்னேன். "காற்றோட்டத்துக்காக."

மறுநாள் அதே வாசகி. "'வலது கணுக்காலையும் இடது கணுக்காலையும் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது பக்கம் எலும்பே தெரியவில்லை. வீங்கியிருக்கிறதா?'"

"வீக்கம் இல்லை. ஜன்னல் வெளிச்சம் விழும் கோணத்தால் அப்படித் தெரிகிறது."

அந்தப் பெண் தட்டினாள். மேடம் என்மேல் நம்பிக்கை வைத்துச் சரி என்றார். வலைத்தளத்தில், அருங்காட்சியகத்தின் முத்திரைக்குக் கீழே, என் பொய் ஏறி உட்கார்ந்தது.

அதற்கும் மறுநாள். "'பாதத்துக்கு அடியில் வெள்ளையாக ஒரு ஓரம் தெரிகிறது. கட்டா?'"

"தூசு தட்டும் துணி" என்றேன்.

"அங்கிள், இந்த ஒருத்தங்க மட்டும் வேற எதையும் பாக்கறதே இல்லை" என்றாள் அந்தப் பெண். "நாற்காலியைத் தொடலை, கதையைத் திறக்கலை. நேரா காலுக்குப் போறாங்க. ரொம்ப நேரம் அங்கயே இருக்காங்க. டாக்டரா இருப்பாங்களோ?"

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரியிடம் சொன்னபோது அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"அவதானா?"

"வேற யாருக்கு என் கணுக்கால் மேல அக்கறை?"

"போன்ல காலைப் பத்தி ஒண்ணும் கேக்கலையே."

"கேட்டா நாம என்ன சொல்வோம்னு அவளுக்குத் தெரியும்ல."

"விட்டுடாதீங்க. பரீட்சை நெருங்கிடுச்சு. எது கேட்டாலும் இல்லைன்னே சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டே கட்டைப் பிரித்தாள். பிரித்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள். புண் பெரிதாகியிருந்தது. கட்டைவிரல் நிறம் மாறியிருந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பயமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் கூடத்தில் எப்படி நின்றேன் என்று கேட்காதீர்கள். சுவரில் சாய்ந்து சாய்ந்து ஓட்டினேன். மாலையில் கம்ப்யூட்டர் அறைக்குப் போகும்போது படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினேன்.

"வாசகி கேட்டிருக்காங்க அங்கிள். இது கொஞ்சம் நீளம்" என்றாள் அந்தப் பெண். படிக்கத் தொடங்கியவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "'அம்மாவைக் கேட்டால் அப்பா நல்லா இருக்கார் என்கிறார்கள். அப்பாவைக் கேட்டால் நல்லா இருக்கேன் என்கிறார். அவர்கள் இரண்டு பேரும் பாசத்தில் பொய் சொல்வார்கள், எனக்குத் தெரியும். அருங்காட்சியகம் பொய் சொல்லாது என்று நினைத்து மறுபடியும் கேட்கிறேன். அந்தக் கால் எப்படி இருக்கிறது?'"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மேஜைக்கு அடியில் என் காலைப் பார்த்தாள். ஷூவின் வார் கட்ட முடியாமல் அவிழ்ந்து கிடந்தது.

"அங்கிள்..."

"தட்டும்மா" என்றேன்.

என்ன சொல்வது என்று யோசித்தேன். 'வீக்கம் இல்லை' என்று மறுபடி சொல்லத்தான் பார்த்தேன். வார்த்தை உதடு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. மகள் என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லியிருப்பேன். அவள் என்னைக் கேட்கவில்லை. நான் ஆயுசு முழுக்கக் காவல் காத்த இடத்தைக் கேட்டிருந்தாள். என்னை நம்பாதவள் அதை நம்பினாள்.

"எழுது. பொருள்: கூடக் காவலரின் இடது கால். நிலை: நன்றாக இல்லை. வீக்கம் உண்டு. பாதத்துக்கு அடியில் ஆறாத புண் உண்டு. கட்டைவிரல் நிறம் மாறியிருக்கிறது. நிற்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார், காவலர் நின்றுகொண்டிருக்கிறார். இதே பக்கத்தில் காற்றோட்டம், வெளிச்சம், தூசு துணி என்று முன்பு தரப்பட்ட பதில்கள் பொய். அவற்றைச் சொன்னவர் காவலர், அருங்காட்சியகம் இல்லை."

தட்டி முடித்தபோது அந்தப் பெண்ணின் கண் கலங்கியிருந்தது. அவள் அதை மேடத்துக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் மேடமே எழுந்து வந்து வாசலில் நின்றார்.

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க வெப்சைட்ல கேக்கலையே மேடம்" என்று சிரிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"உங்க நாற்காலியைத் திரும்பப் போட விடாதது நான்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார். "நாளைக்கு நீங்க இங்க வரக்கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போறீங்க. என் கார் வரும்." குனிந்து அந்தப் பெண்ணின் கீபோர்டில் தானே ஒரு பொத்தானை அழுத்தினார். பதில் வலைத்தளத்தில் ஏறியது.

என் சட்டைப் பையில் போன் அடித்தது. மகள். வீடியோ. பழக்க தோஷத்தில் போனை மூக்குக்கு மேலே தூக்கிப் பிடித்தேன்.

திரையில் அவள் முகம் வாடிப்போய் இருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பின்னால் மேஜையில் புத்தகங்கள் மூடி அடுக்கியபடியே இருந்தன.

"ஓடி வந்துடாதேம்மா" என்றேன் முதல் வார்த்தையாக. "பரீட்சை இருக்கு. உன் படிப்புக்குத்தான் நாங்க..."

"வர மாட்டேன்ப்பா. பரீட்சை எழுதிட்டுத்தான் வருவேன்."

"அது போதும். நீ படி."

"எப்படிப் படிக்கறது?" அவளுக்குக் குரல் உடைந்தது. "நீங்க சொன்னா நான் படிக்க மாட்டேன்னு நெனச்சீங்க. சொல்லாம விட்டதாலதான்ப்பா படிக்கலை. இத்தனை நாளா புத்தகத்தைத் திறக்கறேன், மூடறேன், உங்க காலைத்தான் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பாத்துக்கிட்டிருக்கேன். அது தூங்கற படம். நேத்து எடுத்ததா, போன மாசம் எடுத்ததா, இப்போ கால் இருக்கா இல்லையான்னுகூட எனக்குத் தெரியாது."

கேலி செய்ய ஒரு வார்த்தை தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை.

"போனைக் கீழ இறக்குங்க" என்றாள்.

அந்தப் பெண் மெல்லக் குனிந்து என் ஷூவைக் கழற்றினாள், சாக்ஸையும் கழற்றினாள். நான் போனை இறக்கினேன்.

"ஆடாமப் பிடிங்கப்பா."

மேடம் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"கிட்ட கொண்டு போங்க" என்றாள். "இன்னும் கிட்ட."